மூக்கு, காது, கால்: கார்த்தஹேனாவில் ஒரு கேமரா உலா

கார்த்தஹேனா நகரத்தில் காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போகும் புகைப்பட நடைகளுக்குப் பஞ்சமில்லை. கழுத்தில் கேமரா, தலையில் தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில் சகிதம் பத்துப் பேர் பின்னால் வர, வழிகாட்டி முன்னால் நடப்பார். மஞ்சள் சுவரைக் காட்டுவார், நீலக் கதவைக் காட்டுவார், மரப் பால்கனியிலிருந்து வழியும் காகிதப்பூவைக் காட்டுவார். "இங்கே நின்று எடுங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கும்" என்பார். எல்லாரும் அங்கேயே நின்று எடுப்பார்கள். ஊருக்குத் திரும்பிப் பார்த்தால் பத்துப் பேர் படமும் ஒரே படமாக இருக்கும்.

இன்றைக்கு அந்த வழிகாட்டிக்கு லீவு. நான் கூட்டிப்போகிறேன். அழகைப் பிடிக்கிற வேலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணில்லாதவனுக்கும் இந்த ஊரில் நல்ல படம் வரும். நான் காட்டப்போவது காணாமல் போனவற்றை. கார்த்தஹேனாவின் சரித்திரத்தில் முழு உடம்போடு நடமாடியவர்கள் சொற்பம். ஊரைத் தோற்றுவித்தவருக்கு மூக்கில்லை. ஊர்மேல் வந்த பெரிய யுத்தத்துக்குக் காரணம் ஒரு காது. ஊரைக் காப்பாற்றியவருக்கு ஒரு காலும் ஒரு கண்ணும் இல்லை, ஒரு கையும் விளங்காது. ஊரின் புனிதருக்கு எலும்பு மட்டும்தான் மிச்சம். எல்லாரையும் வரிசையாகப் பார்க்கலாம், வாருங்கள்.

ஊர் கொலம்பியாவின் வடகரையில், கரீபியன் கடலை ஒட்டி இருக்கிறது. அட்சரேகை வடக்கே 10.4 பாகை. நம் புதுக்கோட்டையும் ஏறக்குறைய அதே கோட்டில்தான். ஆகவே பதினோரு மணி வெயிலில் முகத்தைப் படம் எடுத்தால் எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணுக்குக் கீழே கரி அப்பியது போல இருக்கும். காலை ஆறு மணிக்கே மணிக்கூண்டு வாசலுக்கு வந்துவிடுங்கள்.

மஞ்சள் பூசிய இந்த மணிக்கூண்டுதான் பழைய நகரத்தின் வாசல். ஒரு காலத்தில் இதற்கு முன்னால் தண்ணீரும் அதன்மேல் ஒரு பாலமும் இருந்தன. உள்ளே சீமான்கள், வெளியே ஹெத்செமானி பேட்டையில் உழைப்பாளிகள், நடுவில் பாலம். நுழைந்ததும் வண்டிச் சதுக்கம். நடுவில் இடுப்பில் வாளோடு நிற்கிறாரே, அவர்தான் பெத்ரோ தெ எரேதியா. 1533-ல் ஊரைத் தோற்றுவித்தவர். முகத்தைக் கொஞ்சம் நெருங்கி எடுங்கள். மூக்கு இருக்கிறதா? சிற்பி கொடுத்தது.

எரேதியா மாட்ரிட்காரர். வாலிபத்தில் ஒரு நாள் ஆறு பேர் சேர்ந்து அவரை மடக்கி வெட்டினார்கள், மூக்கு போய்விட்டது. வைத்தியர் அவருடைய கைச்சதையையே மூக்காக வைத்து ஒட்டினாராம். சதை பிடிக்கும் வரை கையை முகத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு 60 நாள் அசையாமல் கிடந்தார் என்று அந்தக் காலத்துச் சரித்திரக்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பொறுமைசாலிதான். கட்டு அவிழ்த்ததும் அந்த ஆறு பேரைத் தேடிப்போய் மூன்று பேரைத் தீர்த்துக்கட்டினார். மிச்சம் மூன்று பேரைத் தேடுவதற்குள் போலீஸ் தேடிவிடும் என்று கப்பலேறிவிட்டார். இராமாயணத்தில் மூக்கு போனதால் ஒரு யுத்தம் வந்தது. இங்கே ஒரு நகரம் வந்தது.

அவர் இறங்கிய இடம் வெறும் பொட்டல் இல்லை. கலமாரி என்ற பூர்வகுடி ஊர் ஏற்கனவே அங்கே இருந்தது. மற்றவன் குடியிருக்கிற வீட்டுக்குப் புதுமனைப் புகுவிழா நடத்துவதற்கு அந்த நாளில் 'தோற்றுவித்தல்' என்று பெயர். பிறகு பக்கத்திலிருந்த சினூ மக்களின் கல்லறைகளில் தங்கம் இருப்பதைக் கண்டுபிடித்தார். உயிரோடிருப்பவனிடம் பிடுங்கினால் சண்டை வரும், செத்தவன் சண்டைக்கு வரமாட்டான் என்ற ஞானம் உதித்தது. தோண்டித் தோண்டி எடுத்தார்கள். ராஜாவுக்குச் சேரவேண்டிய பங்கில் கைவைத்தார் என்று அவர்மேல் வழக்குமேல் வழக்கு வந்தது. கடைசியில் வழக்கு விஷயமாக ஸ்பெயினுக்குப் போகும்போது கப்பல் உடைந்து கடலில் போனார். மூக்கு முதலில் போனது, மிச்சம் பின்னால் போனது.

இதே சதுக்கத்தின் ஓரத்தில் வளைவு வளைவாக ஒரு தாழ்வாரம் தெரிகிறதா? மிட்டாய்க்காரர்களின் தாழ்வாரம். கண்ணாடி ஜாடிகளில் தேங்காய் மிட்டாய், பால் இனிப்பு, சர்க்கரையில் புரட்டிய புளி உருண்டை. புளி உருண்டையை அவசியம் வாயில் போட்டுப் பாருங்கள். புளியைத் தெரிந்த நாக்கு நம்முடையது, தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கு உண்டு. ஜாடிகளை வரிசையாக வைத்துப் படமெடுத்தால் நிறம் அள்ளும். படம் எடுத்த பிறகு தரையைப் பாருங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவந்தவர்களை ஏலம் போட்ட சதுக்கம் இதுதான். தென்னமெரிக்காவுக்கு அடிமைகளை இறக்கிய பெரிய துறைமுகங்களில் ஒன்று கார்த்தஹேனா. இந்த ஊரில் நீங்கள் படமெடுக்கும் ஒவ்வொரு பால்கனிக்கும் யாரோ ஒருவரின் விலைச்சீட்டு அஸ்திவாரமாக இருக்கிறது. மிட்டாய்க் கடைக்குக் கூட்டிவரும் வழிகாட்டிகள் இந்த வாக்கியத்தைச் சீக்கிரமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஜாடிக்குப் போய்விடுவார்கள்.

நாலடி நடந்தால் சான் பெத்ரோ கிளாவேர் தேவாலயம். கிளாவேர் ஒரு ஏசு சபைப் பாதிரியார். 1610-ல் இங்கே வந்தார். கப்பல் வந்ததும் பழமும் தண்ணீரும் மருந்தும் எடுத்துக்கொண்டு நாற்றமடிக்கும் அடித்தட்டுக்கு இறங்குவார். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய இடம் அது. 3 லட்சம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்று கணக்குச் சொல்கிறார்கள். கணக்கை விடுங்கள், மனிதர் நல்லவர். ஆனால் அவருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால் கதை கொஞ்சம் நெளிகிறது. அங்கோலா மொழியும் கினி மொழியும் தெரிந்த ஆப்பிரிக்கர்கள், அவர்களும் அடிமைகள், சொந்தக்காரர்கள் ஏசு சபைக் கல்லூரிக்காரர்கள். 1654-ல் கிளாவேர் இறந்தார். 1888-ல் புனிதராக்கினார்கள். பலிபீடத்துக்கு அடியில் கண்ணாடிப் பேழையில் அவருடைய மண்டையோடும் எலும்புகளும் இருக்கின்றன. ஃப்ளாஷ் போடாதீர்கள். மரியாதைக்காக மட்டுமில்லை, கண்ணாடியில் உங்கள் முகம்தான் விழும்.

பேராலயத்தை நோக்கி நடப்போம். இதைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான், 1586-ல், பிரான்சிஸ் டிரேக் வந்து சேர்ந்தார். இங்கிலாந்தில் அவர் 'சர்', இங்கே கொள்ளைக்காரர். அலுவலகம் ஒன்று, பதவி இரண்டு. ஊரைப் பிடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து பேரம் பேசினார். தொகை படியவில்லையா? சில வீடுகளைக் கொளுத்துவார். அப்போதும் படியவில்லையா? இன்னும் சில வீடுகள். கட்டி முடிக்காத பேராலயமும் அவர் புண்ணியத்தில் சேதமடைந்தது. கடைசியில் 1,07,000 டக்கட் பொற்காசுக்குப் படிந்தது. இரண்டு மாதம் போலத் தங்கிவிட்டுக் கிளம்பினார். பத்து வருடம் கழித்து, போர்ட்டோபெலோ பக்கத்துக் கடலில், வயிற்றுக் கடுப்பு வந்து செத்தார். ஸ்பெயினின் பீரங்கிகள் எல்லாம் சேர்ந்து செய்யமுடியாத காரியத்தை ஒரு கெட்டுப்போன குடல் செய்தது.

டிரேக் போன பிறகுதான் ஸ்பெயினுக்கு ரோஷம் வந்தது. பவுத்தீஸ்தா அந்தோனெல்லி என்ற இத்தாலியப் பொறியாளரைக் கூப்பிட்டு மதில் கட்டச் சொன்னார்கள். கட்டினார்கள், கட்டினார்கள், ஏறத்தாழ இருநூறு வருடம் கட்டினார்கள். புயல் இடிக்கும், மறுபடி கட்டுவார்கள். எதிரி இடிப்பான், மறுபடி கட்டுவார்கள். ஒப்பந்தக்காரர்களுக்கு இதைவிட நல்ல காலம் வந்ததில்லை. ஸ்பெயின் ராஜா ஒருவர் அரண்மனை ஜன்னலில் நின்றுகொண்டு, "இவ்வளவு பணத்தை விழுங்கிய மதில் இங்கிருந்தே தெரிய வேண்டுமே!" என்று தூரக்கண்ணாடியில் தேடினார் என்று ஒரு கதை உண்டு. எந்த ராஜா என்பது கதை சொல்பவரைப் பொறுத்து மாறும். பில் எந்த ராஜாவுக்கும் பொருந்தும் என்பதால் சண்டை வேண்டாம்.

மதில்மேல் பிறகு ஏறலாம். இப்போது பொலிவார் சதுக்கம். மர நிழலும் புறாக்களும் குதிரைமேல் சிமோன் பொலிவாரும் இருக்கும் இடம். எதிரே வெள்ளைச் சுவரும் சிற்பவேலை செய்த கல்வாசலும் உள்ள அழகான மாளிகை தெரிகிறதே, எல்லாரும் கல்யாணப் படம் எடுக்க ஆசைப்படுகிற வாசல், அது இன்க்விசிஷன் விசாரணைச் சபையின் மாளிகை. கத்தோலிக்க மதத்துக்கு விரோதமானவர்களைத் தேடிப்பிடித்துத் தண்டிக்க 1610-ல் இங்கே சபையை நிறுவினார்கள். மாளிகையின் பக்கச்சுவரில், தலைக்கு மேலே சிலுவை வைத்த ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன்மேல் கோபமா? ராத்திரி வந்து அந்த ஜன்னலில் சொல்லிவிட்டுப் போகலாம். மொட்டைக் கடுதாசிக்கு அரசாங்கமே கட்டிக்கொடுத்த தபால்பெட்டி.

அங்கே மாட்டிக்கொண்டவர்களில் எனக்குப் பிடித்தவர் பவுலா தெ எகிலூஸ். சாந்தோ தொமிங்கோவில் பிறந்த கறுப்பினப் பெண், அடிமை, மூலிகை தெரிந்தவர். சூனியக்காரி என்று 1624-ல் பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும் என்பது தண்டனையில் ஒரு பகுதி. வைத்தியம் தெரிந்தவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் என்ன ஆகும்? கைராசி ஊரெல்லாம் பரவியது. மறுபடி பிடித்தார்கள். மறுபடி விசாரணை. இடையில் பிஷப்புக்கே உடம்புக்கு வந்தபோது சிறையிலிருந்த இந்தச் சூனியக்காரியைத்தான் வைத்தியம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். பகலில் பிசாசின் கூட்டாளி, ராத்திரி குடும்ப டாக்டர். இந்த அம்மாளுக்கு இந்தச் சதுக்கத்தில் ஒரு சிலை வைத்தால் நான் முதல் படம் எடுப்பேன்.

உள்ளே மியூசியத்தில் சித்திரவதைக் கருவிகள் இருக்கின்றன. ஜனங்கள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். இதே சதுக்கத்தின் ஓரத்து நடைபாதையில் கொலம்பியாவின் அழகுராணிகளின் படங்களைப் பதித்திருக்கிறார்கள். கார்த்தஹேனா விடுதலையை அறிவித்தது 1811 நவம்பர் 11. அந்த நாளைக் கொண்டாட 1934-ல் தேசிய அழகிப்போட்டி ஆரம்பித்தார்கள். ஹெத்செமானியிலிருந்து பெத்ரோ ரொமேரோ என்ற கலப்பினக் கைவினைஞர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து, தயங்கித் தயங்கிப் பேசிக்கொண்டிருந்த கனவான்களை மிரட்டிக் கையெழுத்து வாங்கிய நாள் அது. அதைக் கிரீடமும் நீச்சலுடையும் கொண்டு நினைவுகூர்வது யாருடைய யோசனையோ, பலே ஆசாமி.

குதிரைமேல் இருக்கும் பொலிவாரும் லேசுப்பட்டவர் இல்லை. விடுதலை வீரராகச் சிலை வைத்திருக்கிறோம். ஆனால் 1815-ன் ஆரம்பத்தில் அவரே தன் படையோடு வந்து இந்த ஊரை முற்றுகையிட்டார். உள்ளே இருந்த தளபதிக்கும் அவருக்கும் ஆகாது. இரு தரப்பும் ஸ்பெயினுக்கு எதிரிகள். ஸ்பெயின் படை கடலில் வந்துகொண்டிருக்கிறது. இவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு சலித்துப்போய் பொலிவார் ஜமைக்காவுக்குக் கப்பலேறினார். அந்த ஆகஸ்டில் ஸ்பெயினின் மொரில்யோ வந்து ஊரைச் சுற்றி வளைத்தார். நூறு நாளுக்கு மேல் முற்றுகை. எலியையும் தோலையும் தின்று, சுமார் 6,000 பேர் பட்டினியிலும் நோயிலும் மாண்டார்கள். ஊரில் மூன்றில் ஒரு பங்கு. இந்த இடத்தில் என் கேலிக்கு வேலையில்லை. 'வீரநகரம்' என்று ஊருக்குப் பட்டம் கொடுத்தவர் அதே பொலிவார்தான். ஊரார் அதைப் பெரிய மனதோடு வாங்கிக்கொண்டார்கள்.

சாந்தோ தொமிங்கோ சதுக்கத்தில் ஐந்து நிமிடம் நிற்கலாம். சிற்பி பொத்தேரோ செய்த வெண்கலப் பெண்மணி ஹெர்த்ருதிஸ் அங்கே ஆடையின்றி ஒயிலாகப் படுத்திருக்கிறார். பொத்தேரோவின் எல்லாரையும் போல இவரும் நல்ல புஷ்டி. தொட்டால் அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொண்டு ஜனங்கள் தொட்டுத் தொட்டு, தொட்ட இடம் மட்டும் தங்கமாகப் பளபளக்கிறது. எந்த இடம் என்று பத்திரிகையில் எழுதமுடியாது. இந்த ஊரில் முழு உடம்போடு, கூடுதல் உடம்போடும், இருக்கும் ஒரே ஆள் இவர்தான். பக்கத்துத் தேவாலயத்தின் மணிக்கோபுரம் கோணலாகத் தெரிந்தால் உங்கள் கேமராவைத் திட்டாதீர்கள். சாத்தான் தள்ளிவிட்டுப் போனான் என்று ஊர்க்கதை. ஒப்பந்தக்காரரைச் சாத்தான் என்று சொல்லும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

மார்க்வெஸ் விசிறிகள் லா மெர்செத் மடத்துக்குப் போகவேண்டும் என்பார்கள். சரி, போவோம். 1948-ல் இருபத்தொரு வயதில் இந்த ஊருக்கு வந்து எல் உனிவெர்சால் பத்திரிகையில் எழுத ஆரம்பித்தவர் கபிரியேல் கார்சியா மார்க்வெஸ். அவருடைய அஸ்தியை 2016-ல் இந்த மடத்தின் முற்றத்தில் வைத்தார்கள். காலராக் காலக் காதலைப் பற்றிய அவருடைய நாவலில் ஊரின் பெயரைச் சொல்லவே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வழிகாட்டியும் ஒவ்வொரு பால்கனியைக் காட்டி 'நாயகி நின்ற இடம்' என்கிறார். சினிமா இதைவிட மோசம். 1984-ல் வந்த 'ரொமான்சிங் தி ஸ்டோன்' படத்தில் கதை நடக்கும் ஊர் கார்த்தஹேனா, படம் பிடித்த ஊர் மெக்சிகோவில். ஊரைக் கொள்ளையடித்தவர்களாவது ஊருக்கு வந்தார்கள்.

கொள்ளை என்றதும் ஞாபகம் வருகிறது, இப்போது மதில்மேல் ஏறுங்கள். கடற்காற்று அடிக்கும், தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1697-ல் பிரெஞ்சுக்காரர் பொயிந்தி இந்தப் பக்கம் வந்தார். அது சாதாரணக் கொள்ளை இல்லை, பங்குதாரர்கள் பணம் போட்ட கொள்ளை. பதினாலாம் லூயி கப்பல்களைக் கொடுத்து உதவினார். லாபத்தில் அவருக்கும் பங்கு. அடியாட்கள் போதாதென்று கரீபியன் கடற்கொள்ளையர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊர் விழுந்தது. கப்பல் நிறைய ஏற்றியதும் பொயிந்தி, கடற்கொள்ளையர்களுக்குச் சொற்பத்தை வீசியெறிந்துவிட்டு நங்கூரம் தூக்கினார். திருடர்களையே ஏமாற்றிவிட்டார்! அவர்கள் கோபம் தலைக்கேறி என்ன செய்தார்கள்? பொயிந்தியைத் துரத்தவில்லை. திரும்பி வந்து கார்த்தஹேனாவை இன்னொரு முறை கொள்ளையடித்தார்கள். ஆண்களைப் பேராலயத்தில் அடைத்துவைத்து மிச்சம் மீதியையும் கறந்தார்கள். பங்காளிகளின் கணக்குச் சண்டையில் பணம் கொடுத்தது ஊரார்.

மதில் வழியே நடந்து, வெடிமருந்துக் கிடங்காகவும் சிறையாகவும் இருந்து இப்போது கைவினைக் கடைகளாகிவிட்ட 23 வளைவறைகளைத் தாண்டி வெளியே வந்தால் இந்தியா கத்தலினா சிலை. சிறுமியாக இருந்தபோது ஸ்பானியர்கள் பிடித்துக்கொண்டுபோய் வளர்த்த பூர்வகுடிப் பெண். பிறகு எரேதியாவுக்கு மொழிபெயர்ப்பாளராகத் திரும்பி வந்தார். கார்த்தஹேனா திரைப்பட விழாவில் கொடுக்கும் பரிசு இவருடைய உருவம்தான். தன் சனங்களிடம் 'பணிந்துபோங்கள்' என்று மொழிபெயர்க்க வேண்டியிருந்தவரை நடிகர்கள் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து நன்றி சொல்கிறார்கள். இங்கே ஒரு படம், அதிகம் வேண்டாம், நேரமாகிறது. நம் கதாநாயகர் காத்திருக்கிறார்.

அதற்குமுன் அந்தக் காது. 1731-ல் ராபர்ட் ஜென்கின்ஸ் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவரை ஸ்பானியக் கடற்காவலர்கள் மடக்கினார்கள். கள்ளச்சரக்கு சந்தேகம். வாக்குவாதத்தில் ஜென்கின்ஸின் ஒரு காது போயிற்று. ஏழு வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1738-ல் ஸ்பெயின்மேல் யுத்தம் தொடுக்க இங்கிலாந்தின் வியாபாரிகளுக்குக் காரணம் தேவைப்பட்டது. உடனே காது ஞாபகம் வந்தது. ஊறுகாய் போட்ட மாதிரி ஜாடியில் வைத்து நாடாளுமன்றத்தில் காட்டினார் என்பது கதை. விக்குக்குள் இரண்டு காதும் பத்திரமாக இருந்தன என்று எதிர்க்கதையும் உண்டு. 1739-ல் யுத்தம் வந்தது. 'ஜென்கின்ஸ் காது யுத்தம்' என்ற பெயரை நூறு வருடத்துக்கு மேல் கழித்து சரித்திரக்காரர் தாமஸ் கார்லைல் வைத்தார். மனிதருக்கு நகைச்சுவை உண்டு என்பதற்கு இது ஒன்றே சாட்சி.

அட்மிரல் எட்வர்ட் வெர்னன் ஸ்பெயினின் போர்ட்டோபெலோ துறைமுகத்தை ஆறே கப்பல்களோடு பிடித்துக் காட்டியதில் லண்டனுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தது கார்த்தஹேனா. 1741 மார்ச்சில் 180-க்கும் மேற்பட்ட கப்பல்களும் 25,000-க்கும் மேற்பட்ட ஆட்களும் வந்து நின்றார்கள். ஊரில் இருந்தது சுமார் 3,000 பேரும் 6 போர்க்கப்பல்களும். தலைமை தாங்கியவர்களில் ஒருவர் பிளாஸ் தெ லேசோ. பதினைந்து வயதில் வேலெஸ் மாலகா சண்டையில் இடது காலை இழந்தவர். பிறகு துலோனில் ஒரு கண். பார்சிலோனாவில் ஒரு கை முடங்கியது. 'கட்டைக்கால்', 'அரை மனிதன்' என்று கூப்பிட்டார்கள். மேலதிகாரி வைஸ்ராய் எஸ்லாவா. அவருக்கும் லேசோவுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. நல்ல வேளையாக எதிர்த்தரப்பிலும் அதே நிலைமை. கடலில் வெர்னன், கரையில் ஜெனரல் வென்ட்வர்த். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.

துறைமுக வாயிலிலிருந்த போகாசிகா கோட்டை விழுந்ததும் வெர்னன் அவசரப்பட்டு லண்டனுக்கு வெற்றிக் கடிதம் எழுதிவிட்டார். அங்கே மணி அடித்தார்கள், சொக்கப்பனை கொளுத்தினார்கள், பதக்கம் வார்த்தார்கள். 1741 ஏப்ரலில் கார்த்தஹேனாவைப் பிடித்தோம் என்று மாதம் வருடத்தோடு பொறித்த பதக்கங்கள் இன்றும் மியூசியங்களில் இருக்கின்றன. அவற்றில் லேசோ மண்டியிட்டு வெர்னனிடம் வாளை ஒப்படைக்கிறார். உற்றுப் பாருங்கள்: பதக்கத்து லேசோவுக்கு இரண்டு கால், இரண்டு கை. நொண்டியை ஜெயித்தோம் என்று போட்டால் பெருமையாக இருக்காதே! ஸ்பெயினின் மருத்துவர்களால் முடியாததை லண்டனின் பதக்கத் தட்டான் ஒரே அச்சில் முடித்தான். ஃபோட்டோஷாப் பிறந்த வருடம் 1741 என்று யாராவது எழுதினால் நான் மறுக்கமாட்டேன்.

இங்கே என்ன நடந்தது? இதோ எதிரே குன்றின்மேல் நிற்கிறதே சான் பெலிப்பே கோட்டை, அதைப் பிடிக்க ஏப்ரல் 20 அதிகாலை இருட்டில் ஏறினார்கள். வழிகாட்டி தப்பான பக்கம் கூட்டிப்போனார் (வழிகாட்டிக்கு ஆரம்பத்திலேயே நான் லீவு கொடுத்தது சும்மா இல்லை). ஏணிகளைச் சாய்த்தால் எட்டவில்லை. லேசோ அடியில் பள்ளம் தோண்டவைத்து மதிலை உயரமாக்கிவிட்டார் என்கிறார்கள். ஏணிக்குக் கீழே நின்றவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். அதோடு விட்டதா? மழை பிடித்தது, கொசு வந்தது, மஞ்சள் காய்ச்சல் வந்தது. குண்டு கொன்றதைவிடக் கொசு கொன்றதுதான் பல மடங்கு. மே மாதம் மிச்சமிருந்தவர்கள் கிளம்பிப் போனார்கள். ஊருக்கு விசுவாசமாக உழைத்த அந்தக் கொசுவுக்கு இங்கே ஒரு சிலையும் இல்லை. படமெடுக்க நின்றால் அது மட்டும் இன்றும் கடமை தவறாமல் வருகிறது.

தோற்றவருக்குக் குறையொன்றுமில்லை. வெர்னன் படையில் அமெரிக்கக் குடியேற்றப் பகுதியிலிருந்து வந்த லாரன்ஸ் வாஷிங்டன் உயிரோடு ஊர் திரும்பி, தன் பண்ணைக்கு அட்மிரல் பெயரை வைத்தார். மவுண்ட் வெர்னன். பின்னால் தம்பி ஜார்ஜ் அங்கேதான் வாழ்ந்தார். ஜெயித்தவர் கதை வேறு. வைஸ்ராய் எஸ்லாவா லேசோமேல் ராஜாவுக்குப் புகார் எழுதினார். அந்த செப்டம்பரிலேயே லேசோ காய்ச்சலில் செத்தார். தண்டனை உத்தரவு அதற்குப் பிறகுதான் கையெழுத்தானது. எங்கே புதைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. முதலில் கால், பிறகு கண், பிறகு கை, கடைசியில் மொத்த ஆளும் தொலைந்தார். கோட்டை வாசலில் வாளை உயர்த்தி நிற்கும் சிலையைக் கீழிருந்து, வானம் பின்னணியில் வரும்படி எடுங்கள். கட்டைக்கால் ஃப்ரேமுக்குள் இருக்கட்டும். அதை வெட்டினால் நீங்களும் லண்டன் தட்டான்தான்.

2014-ல் இன்னொரு கூத்து. தாக்குதலில் மாண்ட ஆங்கிலேயர்களுக்கு மரியாதை செய்ய இங்கே ஒரு பலகை வைத்து, அப்போது இளவரசராக இருந்த சார்லஸ் கையால் திறந்துவைத்தார்கள். வீடு புகுந்து திருடவந்து செத்தவனுக்கு வீட்டுக்காரன் திதி கொடுப்பதா என்று ஊர் கொதித்தது. உள்ளூர்க்காரர் ஒருவர் சம்மட்டியோடு வந்து பலகையைச் சிதைத்தார். மேயர் எடுத்துவிடச் சொன்னார். அதே வருடம் நவம்பரில் மாட்ரிட்டில் லேசோவுக்குச் சிலை திறந்தார்கள். 273 வருடம் தாமதம், அரசாங்க வேகத்துக்குச் சுமார்தான்.

கோட்டைக்குப் பின்னால் பெரிய வெண்கலச் செருப்பு ஜோடி ஒன்று கிடக்கிறது. பழைய பூட்ஸ். உள்ளே உட்கார்ந்து படமெடுக்கக் குழந்தைகள் வரிசையில் நிற்பார்கள். சொந்த ஊர்மேல் தனக்கிருக்கும் பாசம் பழைய செருப்பின்மேல் இருக்கும் பாசம் மாதிரி என்று கவிதை எழுதிய லூயிஸ் கார்லோஸ் லோபெஸின் நினைவாக வைத்தது. அவருக்கு ஊர் வைத்த பெயர் 'ஒற்றைக்கண் லோபெஸ்'. உண்மையில் அவருக்கு இரண்டு கண்ணும் இருந்தன, மாறுகண், அவ்வளவுதான். இந்த ஊரில் பெரிய மனிதன் ஆகவேண்டுமானால் ஏதாவது ஒரு உறுப்பு குறைந்தாக வேண்டும் என்று ஊரார் முடிவு கட்டிவிட்டார்கள் போலும்.

காலையிலிருந்து ஒருவரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை; நீங்களோ அவரைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். சதுக்கத்துக்குச் சதுக்கம் மஞ்சள், நீலம், சிவப்பு உடையில், தலையில் பழத்தட்டோடு நிற்கும் பெண்கள். பலென்கேராக்கள். கார்த்தஹேனாவிலிருந்து தப்பியோடிய அடிமைகள் காட்டுக்குள் வேலியடைத்துக் கட்டிய ஊர்களுக்குப் பலென்கே என்று பெயர். 1599 வாக்கில் தப்பிய பென்கோஸ் பியோஹோ ஒரு படையே திரட்டினார். அடக்கமுடியாமல் கவர்னர் சமாதானம் பேசினார். பியோஹோ ஸ்பானியக் கனவான் போல உடுத்தி, ஆயுதத்தோடு இந்த நகரத்துக்குள் வந்துபோக உரிமை பெற்றார். ஸ்பானியர்களுக்கு அது பொறுக்கவில்லை. பிறகு வாக்கை மீறிப் பிடித்து 1621-ல் தூக்கிலிட்டார்கள். ஆனாலும் சான் பாசிலியோ தெ பலென்கே ஊர் நிலைத்தது. ஆப்பிரிக்கச் சொல் கலந்த தன் சொந்த மொழியை இன்றும் பேசுகிறது. 2005-ல் யுனெஸ்கோ அதன் பண்பாட்டைப் பாரம்பரியமாக அறிவித்தது. அந்த ஊர்ப் பெண்கள்தான் தலைமுறை தலைமுறையாகப் பழமும் மிட்டாயும் விற்க இங்கே நடந்து வந்தவர்கள். இன்று பழத்தைவிடப் படத்துக்குத்தான் கிராக்கி. படம் எடுத்தால் காசு கேட்பார்கள்.

இதற்குச் சுற்றுலாக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். 'இயல்பாக இல்லை, வியாபாரமாகிவிட்டது' என்று குறைப்படுகிறார்கள். ஐயா, எரேதியா கல்லறையைத் தோண்டியபோது கேட்டுவிட்டா தோண்டினார்? டிரேக் 1,07,000 டக்கட் வாங்கிக்கொண்டு என்ன கொடுத்துவிட்டுப் போனார்? பொயிந்தி ரசீது கொடுத்தாரா? கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிறவர்களையே ஐந்நூறு வருடம் பார்த்த ஊரில், எடுப்பதற்கு விலை என்ன என்று முன்கூட்டியே சொல்லி, நேருக்கு நேர் வாங்கிக்கொள்ளும் முதல் ஆள் இந்த அம்மாள்தான். கேட்பது சில ஆயிரம் பெசோ. நம் காசுக்கு ஒரு நல்ல டிபன் செலவு.

ஆகவே கேமராவைத் தூக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சொன்ன தொகையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். தூரத்திலிருந்து ஜூம் போட்டுத் திருட்டுத்தனமாக எடுக்காதீர்கள். முடிந்தால் தட்டிலிருந்து ஒரு பழமும் வாங்குங்கள். பப்பாளி நன்றாக இருக்கும்.